வன்னி வீட்டில் ஹேலோ: பிளக் குத்துவதில் இருந்து கடைசி மிஷன் வரை

அறிவியல் புனைவுச் சுடும் விளையாட்டுகள் ஏராளம் இருக்கின்றன. ஆனால் நெற் வந்து வந்து போகிற ஊரில், ஒரே ரீவிக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து இருந்து, முழுக் கதையையும் விளையாடி முடிக்க வேண்டும் என்றால் எங்கள் தெரிவு ஹேலோதான். அதிலும் ‘த மாஸ்ரர் சீஃப் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பு. 2014இல் மைக்ரோசொஃப்ற்றின் எக்ஸ்பொக்ஸ் வன் கொன்சோலுக்கு வந்தது. இன்று அதற்குள் ஆறு ஹேலோக்கள் இருக்கின்றன. ஆறின் கதையையும் இரண்டு பேர் ஒரே திரையைப் பிரித்து விளையாடலாம்.

வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். 2015இல் வந்த ஹேலோ 5இல் திரையைப் பிரித்து விளையாடும் வசதியே இல்லை. 2021இல் வந்த ஹேலோ இன்ஃபினிற்றில் கதைப் பகுதிக்கு அது இல்லை. அட்டைப் படம் அழகாக இருக்கிறது என்று இவற்றில் ஒன்றை வாங்கி வந்தால், இரண்டாவது கொன்ரோலர் சும்மா கிடக்கும்.

தொகுப்பில் முதலில் தொடங்க வேண்டியது 2001 நவம்பர் 15இல் முதலாவது எக்ஸ்பொக்ஸுடன் வெளியான ‘கொம்பற் இவோல்வ்ட்’. பழசு என்று ஒதுக்க வேண்டாம். துப்பாக்கி, கைக்குண்டு, கைக்குத்து ஆகிய மூன்றையும் எந்த நேரத்தில் எதற்குப் பாவிப்பது என்பதை அதைப் போல ஒழுங்காகச் சொல்லித்தருகிற விளையாட்டு வேறு இல்லை. இந்த வழிகாட்டியின் சண்டைப் பகுதி முழுக்க அதை வைத்தே எழுதப்பட்டது.

பெட்டி எங்கே இருந்து வந்தது?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிற கொன்சோல்களில் நிறைய, கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ உறவுக்காரர் கொண்டு வந்தவை. பிளக்கில் குத்த முதல் அடிப்பக்கத்தில் அல்லது பவர் பெட்டியில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள். ‘100–240’ என்று இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் நேரே ஓடும். எக்ஸ்பொக்ஸ் வன் எஸ், வன் எக்ஸ், சீரீஸ் எஸ், சீரீஸ் எக்ஸ் எல்லாவற்றிலும் பவர் சப்ளை உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. இவற்றின் பின்பக்கத்தில் எட்டு வடிவத் துளையில் போகிற வயர்தான் வரும். கனடாத் தட்டைப் பின் வயரை மாற்றியை (அடப்ரரை) வைத்துத் தொங்கவிட வேண்டாம். அதே எட்டு வடிவ முனை வயர் பழைய ரேடியோக்களுக்கும் வரும். ஒரு எலக்ரிக் கடையில் எங்கள் பிளக்குடன் ஒன்று வாங்கி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மாற்றி தளர்ந்து பொறி பறப்பதால் போன கொன்சோல்கள் உண்டு.

எக்ஸ்பொக்ஸ் 360 வேறு கதை. அதன் பவர் செங்கல்போல வெளியில் தனியாக இருக்கும். வட அமெரிக்காவில் விற்றதில் பெரும்பாலும் ‘100–127’ என்று இருக்கும். அதை 230இல் குத்தினால் ஒரே நொடியில் புகை. அதற்கு வோல்ற்றேஜைக் குறைத்துத் தருகிற ஸ்ரெப்–டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். 360 முழு விசையில் எடுக்கிற மின்னைத் தாங்க 300 வாற்றுக்குக் குறையாததாக எடுங்கள். அதைவிட 230 வோல்ற்றுக்கான செங்கல் ஒன்றைத் தேடி வாங்குவதே நல்லது. 360இன் இணையக் கடை 2024 யூலை 29இல் மூடப்பட்டுவிட்டது. இனி அதில் புதிதாக விளையாட டிஸ்க் ஒன்றுதான் வழி. 360 டிஸ்க்குகளில் சில, வாங்கிய நாட்டுப் பெட்டியில் மட்டும் ஓடுபவை என்பதையும் கவனியுங்கள். இருந்தாலும் நெற்றே இல்லாத வீட்டுக்கு 360 இன்னும் நல்ல பெட்டி. ஹேலோ 3 டிஸ்க்கைப் போட்டு, பெட்டியிலேயே ஒரு பெயரை உருவாக்கி, உடனே தொடங்கலாம்.

சீரீஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வாய் இல்லை. டிஸ்க் வைத்திருப்பவர் அதை வாங்கினால் டிஸ்க் அலங்காரப் பொருளாகிவிடும்.

கரண்ட்

பலர் நினைப்பது, வோல்ற்றேஜ் குறைந்தால் கொன்சோல் எரியும் என்று. ‘100–240’ பெட்டிக்கு 170 வோல்ற் பெரிய பிரச்சினை இல்லை. கெடுப்பது, போன கரண்ட் திரும்பி வருகிற அந்தக் கணம். ஊரில் எல்லா மோட்டரும் ஃபிரிட்ஜும் ஒன்றாகத் தொடங்கி, லைன் ஏறி இறங்குகிற நேரம் அது. அதனால் கரண்ட் போனதும் சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு இருக்காமல் பிளக்கையே கழற்றுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துக் குத்துங்கள்.

யூ.பி.எஸ் வாங்குவதானால் ஒரு சின்னக் கணக்கு. சீரீஸ் எஸ் விளையாடும்போது ஏறக்குறைய 75 வாற், 32 அங்குல எல்.ஈ.டி ரீவி 50 வாற், ரவுட்டர் 10 வாற். மொத்தம் 135. சாதாரண 650 வீ.ஏ யூ.பி.எஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ற், 7 ஆம்பியர்–மணி பற்றரி, அதாவது 84 வாற்–மணி. தாளில் பார்த்தால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். நடைமுறையில் புதுப் பற்றரி தருவது 15 முதல் 20 நிமிடம்தான், ஏனென்றால் வேகமாக உறிஞ்சும்போது அந்தப் பற்றரி முழுவதையும் தராது. மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். சீரீஸ் எக்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடுக்கும். அதற்கு நேரம் இன்னும் குறைவு. யூ.பி.எஸ் இருப்பது தொடர்ந்து விளையாட இல்லை, ஒழுங்காகச் சேமித்து நிறுத்த. அப்படி நினைத்தால் 15 நிமிடம் தாராளம்.

‘ஏ.வி.ஆர்’, அதாவது ஏறி இறங்குகிற வோல்ற்றேஜைத் தானே சரிசெய்கிற வசதி, உள்ள யூ.பி.எஸ்ஸாகப் பார்த்து எடுங்கள். பொழுதுபடும் நேரம், தண்ணி இறைக்கிற மோட்டர்கள் ஓடும்போது லைன் 180க்குக் கீழே விழும். ஏ.வி.ஆர் இல்லாதது ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று பற்றரிக்கு மாறும். இரவு உண்மையாகக் கரண்ட் போகும்போது பற்றரி வெறுமையாக இருக்கும். யூ.பி.எஸ் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இப்படித்தான். ரீவியையும் அதிலேயே குத்த மறக்க வேண்டாம். கொன்சோல் ஓடி, ரீவி இருண்டு கிடந்தால் சேமிக்க முடியாது.

சின்ன ஜெனரேற்றரில் நேரே குத்த வேண்டாம். வேறு வழியில்லை என்றால் முதலில் ஃபான், லைற் போட்டு ஓட்டம் சீரானதும் ஸ்ரபிலைசர் ஊடாகக் கொடுங்கள்.

ஒரு நாள் பெட்டி செத்தது மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் சத்தமில்லை, வெளிச்சமில்லை. உடனே ரிப்பெயர் கடைக்குத் தூக்க வேண்டாம். எக்ஸ்பொக்ஸ் வன்னிலும் சீரீஸிலும் உள்ள பவர் சப்ளை, லைன் துள்ளும்போது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். வயரைப் பெட்டியில் இருந்து கழற்றி, 10 விநாடிக்கு மேல் விட்டு, திரும்பக் குத்தி அழுத்துங்கள். பல நேரம் எழும்பிவிடும்.

மின்னலுக்கு இந்த மருந்து இல்லை. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி முழக்கம் தொடங்கினால் பவர் வயர், லான் வயர், ரீவியின் டிஷ் வயர் மூன்றையும் கழற்றுங்கள். பவரை மட்டும் கழற்றியவர்களின் எச்.டி.எம்.ஐ துளை டிஷ் வயர் வழியாக வந்த மின்னலில் போயிருக்கிறது.

பவர் செற்றிங்ஸில் ஒரு மாற்றம்: ‘ஸ்லீப்’ என்பதை விட்டு ‘ஷட்டவுன்’ தெரிவு செய்யுங்கள். ‘அப்டேற்ஸ்’ பகுதியில் தானாக அப்டேற் எடுப்பதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பெட்டி நடு இரவில் தானாக எழும்பி அப்டேற் எடுக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் பாதி எழுதிய ஃபைல் கெடும். டேற்றாவும் தெரியாமல் கரையும்.

வெக்கையும் புழுதியும்

சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்மண் புழுதி மூடிய அலுமாரிக்குள்ளும் போகும். கொன்சோலை நிலத்தில் வைக்க வேண்டாம், முழங்கால் உயரத்துக்கு மேல் வையுங்கள். நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். சீரீஸ் எக்ஸ் சூட்டை மேலே தள்ளுவது, அதன் தலையில் எதையும் வைக்கவே கூடாது. தகரக் கூரை வீடு என்றால் மதியம் ஒரு மணியில் இருந்து நான்கு மணி வரை பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். உள்ளே போகும் காற்றே சூடாக இருந்தால் ஃபான் எவ்வளவு சுற்றியும் பயனில்லை.

துணி மூடலாம், நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறிய பிறகு. மாதம் ஒரு தடவை தூசு ஊதும்போது ஃபான் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடியுங்கள். ஊதும் காற்றில் அது வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும். சூட்டுக்காக எறும்பும் பல்லியும் பவர் சப்ளைக்குள் குடிவரும். கிழமைக்கணக்கில் விளையாடாமல் விட்டால் திரும்பப் போட முதல் துளைகளை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கணக்கு, டவுன்லோட்

பெட்டியை முதன்முதல் இயக்க நெற் கட்டாயம். ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டாலும் போதும். கணக்குத் திறக்கும்போது கேட்கிற நாடு முக்கியம். ரொறன்ரோவில் இருக்கும் மாமா கிஃப்ட் காட் அனுப்புவார் என்றால் கணக்கின் நாடு கனடாவாக இருக்க வேண்டும். ஒரு நாட்டுக் காட் இன்னொரு நாட்டுக் கணக்கில் ஏறாது.

தொகுப்பு முழுவதும் 100 ஜி.பியைத் தாண்டும். நான்கு ஜி சிம்மில் அதை இறக்குவது மாதச் செலவையே விழுங்கும். மூன்று வழி சொல்கிறோம். முதலாவது, முழுவதையும் இறக்காதீர்கள். விளையாட்டின் பெயரில் நின்று மெனு பொத்தானை அழுத்தி, ‘மனேஜ்’ பகுதியில் ‘கொம்பற் இவோல்வ்ட்’டை மட்டும் அடையாளமிடுங்கள். முடித்த பிறகு அதை அழித்து அடுத்ததை எடுக்கலாம். இரண்டாவது, பக்கேஜில் இரவுக்கெனத் தனி டேற்றா இருந்தால் படுக்கைக்குப் போகும்போது தொடங்கி, விடிய நிறுத்துங்கள். இடையில் அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். மூன்றாவதுதான் எங்களுக்குப் பிடித்தது: 128 ஜி.பிக்குக் குறையாத யூ.எஸ்.பி 3.0 ஹாட்டிஸ்க் ஒன்றைப் பெட்டியிலேயே ஃபோமற் செய்து, பெட்டியையும் டிஸ்க்கையும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஃபைபர் லைன் உள்ள வீட்டுக்கு ஒரு நாள் கொண்டு போங்கள். அங்கே வேறு எக்ஸ்பொக்ஸ் இருந்தால் ஹாட்டிஸ்க் மட்டும் போதும். விளையாட்டுக்கு உரிமை உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வன் பெட்டிகளில் அந்த ஹாட்டிஸ்க்கில் இருந்தே விளையாடலாம். சீரீஸில் ஹாட்டிஸ்க்கில் இருந்து ஓடாவிட்டால் உள் சேமிப்புக்கு நகர்த்துங்கள். சீரீஸ் எஸ்ஸின் 512 ஜி.பியில் பாவிக்கக் கிடைப்பது 364 ஜி.பி. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெற் இருக்கும்போதே செய்ய வேண்டிய இன்னொரு காரியம், உங்கள் பெட்டியை ‘ஹோம் எக்ஸ்பொக்ஸ்’ ஆக்குவது. செற்றிங்ஸில் ‘பெர்சனலைசேஷன்’ பகுதியில் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால், நெற் போன அன்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டே திறக்காது. வருடத்துக்கு ஐந்து தடவைதான் மாற்றலாம் என்பதால் கேட்டவருக்கெல்லாம் மாற்றிக் கொடுக்க வேண்டாம். இரண்டாவதாக விளையாடப்போகிறவரின் கணக்கையும் அதே நாளில் உள்ளே ஏற்றிவிடுங்கள்.

ரீவி, சத்தம், கொன்ரோலர்

ரீவியின் மெனுவில் ‘கேம் மோட்’ போடுங்கள். போடாவிட்டால் படத்தை அழகாக்குகிறேன் என்று ரீவி ஒவ்வொரு காட்சியையும் பிடித்துவைத்து விடும். நீங்கள் திருப்பிய பிறகுதான் திரை திரும்பும். கை பழகவில்லை என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் பழுது இதுதான். பழைய குண்டு ரீவியில் மாற்றி வைத்துப் போடலாம், ஆனால் எழுத்து வாசிக்க முடியாது. அதிலும் திரையைப் பிரித்தால் கண் வலிதான் மிச்சம்.

விளையாட்டுக்குள் போய் முதலில் ‘சென்சிற்றிவிற்றி’யைப் பாருங்கள். புதியவர் 3இல் தொடங்குங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு 4 அல்லது 5. எதிரி பின்னால் வரும்போது திரும்ப முடியாமல் சாகிறீர்கள் என்றால் கூட்டுங்கள். தலையைத் தாண்டித் தாண்டிக் குறி ஓடுகிறது என்றால் குறையுங்கள். ஸ்ரிக்கைத் தொடாமலே குறி மெதுவாக நகர்ந்தால் கொன்ரோலர் தேய்ந்திருக்கிறது. ‘டெட் சோன்’ அளவைக் கொஞ்சம் கூட்டினால் நிற்கும். தலை சுற்றுபவர்கள் பார்வைக் கோணத்தை, அதாவது ‘ஃபீல்ட் ஒஃப் வியூ’வைக் கூட்டி, ரீவியில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி இருங்கள்.

பொத்தான்களில் ‘பம்பர் ஜம்பர்’ என்ற ஒழுங்கை எடுத்துப் பாருங்கள். இடது பம்பரில், அதாவது கொன்ரோலரின் மேல் விளிம்பில் உள்ள இடது பொத்தானில், பாய்வது வரும். பாயும்போது வலது பெருவிரல் ஸ்ரிக்கை விட்டு எழும்பத் தேவையில்லை, பாய்ந்தபடியே குறி பார்க்கலாம். முதல் இரண்டு நாள் தடுமாறும், பிறகு பழைய ஒழுங்குக்குத் திரும்ப மனம் வராது.

தமிழில் எழுத்தோ குரலோ இல்லை. ஆங்கில ‘சப்ரைற்றில்’ போட்டால் அடுத்து எங்கே போவது என்பது விளங்கும்.

ஹெட்போன் கட்டாயம் என்றே சொல்வோம். எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு மட்டும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிற பெரியவர்கள் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அம்மம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது ரீவியில் கிரனேற் வெடிக்கவிடக் கூடாது. கொன்ரோலரின் அடியில் 3.5 மி.மீ துளை இருக்கும், சாதாரண ஃபோன் ஹெட்போன் அதில் போகும். 2013இல் வந்த முதல் வன் கொன்ரோலரில் மட்டும் அது இல்லை. இரண்டு ஏ.ஏ பற்றரிக்குப் பதிலாக யூ.எஸ்.பி வயர் குத்தியும் விளையாடலாம்.

சண்டை

கதை தொடங்கும்போது நான்கு கடினம் கேட்கும். ‘நோர்மல்’ எடுங்கள். ‘ஈஸி’யில் எதைச் சுட்டாலும் விழும், ஒன்றும் பழகாது. ஒரு தடவை முடித்த பிறகு ‘ஹீரோயிக்’.

உங்களுக்கு இரண்டு உயிர்க்கோடு. மேலே நீலமாக இருப்பது ஷீல்ட். அடி படாமல் ஐந்தாறு விநாடி ஒளிந்திருந்தால் தானே நிரம்பும். அதன் கீழே இருக்கிற கட்டங்கள் உடல். அது தானே ஏறாது, வெள்ளைப் பெட்டியில் இருக்கும் மருந்தை எடுக்க வேண்டும். அதனால் ஷீல்ட் எச்சரிக்கை ஒலி கேட்ட உடனே பின்வாங்குவதுதான் முதல் பழக்கம். தூணோ கல்லோ இல்லாத வெளியில் சண்டை தொடங்க வேண்டாம். அடுத்த மறைப்பு எங்கே என்று பார்த்து வைத்துவிட்டே முதல் குண்டைச் சுடுங்கள்.

இடது கீழ் மூலையில் இருக்கும் வட்டம் 15 மீற்றருக்குள் அசைவதைக் காட்டும். சிவப்பு எதிரி, மஞ்சள் உங்கள் ஆள். அசையாமல் நிற்பவனை அது காட்டாது. வட்டம் வெறுமை என்று நம்பி மூலை திரும்பியவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.

எதிரிகளில் கிரன்ற் சின்னவன், தலையில் ஒரு பிஸ்ரல் குண்டு போதும். ஜாக்கல் வட்டக் கேடயம் பிடித்து வருவான். கேடயத்தின் பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும், அதில் தெரியும் கையைச் சுட்டால் தடுமாறித் திறப்பான், அடுத்த குண்டு தலைக்கு. இவர்களைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் விழ வேண்டியவன் எலீற். தலைவன் விழுந்தால் கிரன்ற்கள் ஆயுதத்தை விட்டுக் கத்திக்கொண்டு ஓடும். பத்துப் பேர் இருந்த இடம் ஒரு ஆளைச் சாய்த்ததும் கலைந்துபோவதைப் பார்த்தால்தான் இந்த விளையாட்டு பிடிபடும்.

எலீற்றுக்கும் உங்களைப் போலவே ஷீல்ட். ஷீல்ட் இருக்கும்போது சாதாரணக் குண்டு வீண்செலவு, எதிரிகள் பாவிக்கிற பிளாஸ்மா ஆயுதம்தான் அதைக் கரைக்கும். ஷீல்ட் போன உடம்புக்கு எதிர்மாறு: குண்டுதான் வேலை செய்யும். இதில் இருந்து வருகிறது இந்த விளையாட்டின் மிகப் பெரிய கைப்பழக்கம். ஒரு கையில் பிளாஸ்மா பிஸ்ரல், மாற்று ஆயுதமாக மனித பிஸ்ரல் வைத்திருங்கள். பிளாஸ்மா பிஸ்ரலின் விசையை விடாமல் அழுத்தினால் முனையில் பச்சை உருண்டை ஊதி நடுங்கும். எலீற் பக்கம் குறி சிவப்பானதும் விடுங்கள். உருண்டை அவனைத் தேடி வளைந்து போகும். பட்டதும் அவன் உடம்பைச் சுற்றி ஒளி வெடித்து அணையும். ஷீல்ட் முழுவதும் போய்விட்டது. அந்தக் கணமே வை பொத்தான், ஆயுதம் மாறியதும் தலைக்கு ஒரு குண்டு.

இது தவறுவது மூன்று இடங்களில். கிட்ட நின்று விட்டால் உருண்டை வளைய இடமின்றித் தாண்டிப் போகும், 10 முதல் 20 மீற்றர் நல்ல தூரம். மறைப்புக்குப் பின்னால் இருந்தே ஊதி வைத்துக்கொண்டு வெளியே வராமல், அவனுக்கு முன்னால் நின்று ஊதத் தொடங்கினால் அதற்குள் உங்கள் ஷீல்ட் போய்விடும். மூன்றாவது, ஒவ்வொரு ஊதலும் பிளாஸ்மா பற்றரியைக் கடிக்கும், அதை மீள நிரப்ப முடியாது. கிரன்ற் விழுந்த இடமெல்லாம் அந்தப் பிஸ்ரல் கிடக்கும், 30 வீதத்துக்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள்.

மனித பிஸ்ரலில் 12 குண்டு, இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். முதல் ஹேலோவில் அதுதான் அரசன். அசோல்ற் ரைஃபிளில் 60 குண்டு இருந்தாலும் தூரத்துக்குச் சிதறும். ஐந்து மீற்றருக்குள் மட்டும் பாவியுங்கள். குறி பார்க்கும்போது வலது ஸ்ரிக்கால் மயிரிழை மயிரிழையாகத் திருத்தப் பாடுபட வேண்டாம். தலை உயரத்தில் குறியை வைத்து, இடது ஸ்ரிக்கால் நீங்கள் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். குறி தானே தலைக்கு வந்து ஒட்டும், எதிரியின் குண்டும் தவறும்.

கைக்குண்டு இரண்டு வகை, ஒவ்வொன்றிலும் நான்கு வரை வைத்திருக்கலாம். மனிதக் குண்டு துள்ளி உருளும், சுவரில் அடித்து மூலைக்குள் அனுப்பலாம். நீலப் பிளாஸ்மாக் குண்டு உடம்பில் ஒட்டும். வாளோடு ஓடி வருகிற தங்க நிற எலீற்றுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை: ஒட்டிவிட்டுப் பின்னால் பாயுங்கள். ஒட்டாமல் நிலத்தில் விழுந்தால் எலீற் பக்கத்தில் பாய்ந்து தப்பிவிடுவான். அதனால் மறைப்பில் இருந்து அவனை வெளியே துரத்தவும் அதே குண்டு உதவும். செத்தவர்களிடம் இருந்து நிலத்தில் விழுந்து கிடக்கும் குண்டுகளும் பக்கத்து வெடிப்பில் தொடராக வெடிக்கும். அவற்றின் மேல் நின்று சண்டை பிடிக்கக் கூடாது.

பின்பக்கத்தால் போய் பி பொத்தானால் ஒரு குத்து, எலீற்றும் ஒரே அடியில் விழுவான். குந்தியபடி நகர்ந்தால் சத்தம் கேட்காது.

ஹன்ரர் எப்போதும் இரண்டு பேராக வருவார்கள். கவசத்தில் சுட்டுக் குண்டை முடிக்காதீர்கள். கிட்ட வரவிடுங்கள். கேடயத்தை ஓங்கி அடிக்கப் பாயும்போது பக்கத்தால் விலகினால் முதுகில் செம்மஞ்சள் நிறத் தசை தெரியும். அதில் பிஸ்ரலால் ஒரு குண்டு. முதல் ஹேலோவில் அந்த மலை அப்படியே சரியும்.

மிஷன்கள்

மொத்தம் பத்து. முதலாவது கப்பலுக்குள், பொத்தான் பழகுவதற்கு. கப்டன் தருகிற பிஸ்ரல் வெறுமையாக இருக்கும், வழியில் குண்டு எடுக்கலாம். இரண்டாவதில் வோட்ஹொக் ஜீப் வரும். அதில் ஸ்ரியரிங் இல்லை: இடது ஸ்ரிக்கை முன்னே தள்ளி, போக வேண்டிய பக்கத்தை வலது ஸ்ரிக்கால் பாருங்கள், ஜீப் அங்கே போகும். மூன்றாவது இரவில் ஸ்னைப்பருடன் தொடங்கும். தூங்குகிற கிரன்ற்களை எழுப்பாமல் எலீற்றை மட்டும் முதலில் எடுங்கள். நான்காவது கடற்கரைத் தீவு, தொடரிலேயே அழகான மிஷன். உள்ளே போகிற பெரிய கதவு பூட்டினால் பதற வேண்டாம், தீவைச் சுற்றிப் போய் இன்னொரு கட்டடத்தில் பூட்டைத் திறந்துவிட்டு வர வேண்டும். பலர் அந்தக் கதவில்தான் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

ஆறாவதில், சதுப்பு நிலத்துக்கு அடியில், ‘ஃப்ளட்’ என்ற ஒட்டுண்ணி எதிரிக் கூட்டம் வரும். அதுவரை பழகிய எல்லாம் தலைகீழ். அதற்குத் தலை என்று ஒன்று இல்லை, ஒளிந்தால் நான்கு பக்கமும் சூழும். ஸ்னைப்பர் குண்டு ஊடுருவிப் போகுமே தவிர விழுத்தாது. ஷொட்கன் எடுங்கள், பின்னால் நடந்தபடியே சுடுங்கள், சந்தர்ப்பம் கிடைத்த போதெல்லாம் குண்டு நிரப்புங்கள். துள்ளி வரும் சின்ன உருண்டைகளுக்கு அசோல்ற் ரைஃபிள். வீங்கி நடப்பவை வெடிக்கும், தூரத்தில் வைத்தே சுடுங்கள். விழுந்தது செத்தது என்று நம்பாமல் தாண்டும்போது ஒரு குத்துக் குத்திவிட்டுப் போங்கள், சில திரும்ப எழும்பும். ஏழாவது மிஷனான ‘த லைப்ரரி’ முழுக்க இதுதான். நீளம் கூட, சலிப்பும் கூட. ஆனால் ஷொட்கன் கையை அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். பின் மிஷன்களில் ஃப்ளட் ரொக்கெற்றும் ஏந்தி வரும், வாசல்களில் நின்று எட்டிப் பார்த்து நுழையுங்கள்.

கடைசி மிஷனின் முடிவில் நேரம் ஓட ஓட வோட்ஹொக்கில் கப்பல் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். எதையும் சுட இறங்க வேண்டாம். கவிழ்ந்தால் பக்கத்தில் நின்று எக்ஸ் பொத்தானை அழுத்தி நிமிர்த்துங்கள்.

இரண்டு பேராக

ஒருவர் செத்தால் மற்றவர் சண்டையில் இல்லாத இடத்தில் நிற்கும்போதுதான் அவர் திரும்பி வருவார். அதனால் இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்வது பிழை. ஒருவர் பிளாஸ்மா பிஸ்ரலோடு ஷீல்டைக் கழற்ற, மற்றவர் மனித பிஸ்ரலோடு தலையை எடுக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆயுதம் மாற்றும் அரை விநாடியும் மிச்சம். தம்பி புதியவர் என்றால் அவருக்கு ஜீப்பின் பின்னால் உள்ள பெரிய துப்பாக்கியைக் கொடுங்கள். குண்டு முடியாது, பயமும் போகும்.

நெற்றில் மற்றவர்களோடு மோத விரும்பினால் ரவுட்டரில் இருந்து லான் வயர் இழுங்கள். நான்கு ஜி ரவுட்டரை ஜன்னலோரம் உயரத்தில் வையுங்கள், தகரமும் கொங்கிறீற்றும் சிக்னலை விழுங்கும். நெற்வேர்க் செற்றிங்ஸில் ‘நற்’ வகை (உங்கள் இணைப்பு மற்ற ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது) ‘ஸ்ரிக்ற்’ என்று காட்டினால் சிம் வழியான இணைப்பில் பெரும்பாலும் அதை உங்களால் மாற்ற முடியாது. ஆட்கள் கிடைக்கப் பிந்துவதும் குரல் கேட்காததும் அதனால்தான்.

எழும்ப முதல் மெனுவைத் திறந்து ‘சேவ் அண்ட் குயிற்’ கொடுத்தே வெளியேறுங்கள். மிஷன் நடுவில் கரண்ட் போனால் கடைசிச் செக்பொயின்ற் (விளையாட்டு தானாகக் குறித்துவைத்த இடம்) அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது, முடித்த மிஷன்கள் மட்டும்தான் உறுதி. நீண்ட மிஷன்களில் நடுவில் இருந்து தொடங்கும் ‘ராலி பொயின்ற்’ தெரிவு உண்டு, முழுவதையும் திரும்ப ஓட வேண்டியதில்லை. முதலாவதை முடித்த பிறகு ஹேலோ 2, 3 என்று வெளிவந்த வரிசையிலேயே போங்கள். ‘ரீச்’ கதைப்படி முந்தியது என்றாலும் 2010இல் வந்தது. அதன் ஓட்டமும் ஆயுதங்களும் பழகிவிட்டால் பழையவை மந்தமாகத் தெரியும், அதனால் அதை 3க்குப் பிறகு வையுங்கள்.